மாமி பிறந்த நேரம்

போன மாதம் பழைய வகுப்புக்காரர் ஏழெட்டுப் பேர் கூடினோம். இதை வாசிக்கிற உங்களில் சிலரும் வந்திருந்தீர்கள். முழங்கால் வலி, பிரஷர், வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் என்று ஒரு சுற்று முடிந்த பிறகு கதை கைபேசிக்குப் போனது. ஒருத்தி தன் கைபேசியை வாய்க்குக் கிட்டப் பிடித்து, கத்தரிச்செடியில் இலை சுருண்டால் என்ன செய்வது என்று தமிழில் கேட்டாள். அது தமிழிலேயே பதில் சொன்னது. எல்லோரும் வாயைப் பிளந்தோம். எங்கள் சின்ன வயதில் இப்படி ஒரு புதினத்தையும் நாங்கள் காணவில்லை என்று யாரோ சொல்ல, மற்றவர்கள் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான், நான் கண்டிருக்கிறேனே என்று நினைவு வந்தது. அப்போது எனக்குப் பதினொரு வயது. அந்த வருடம் தைப்பொங்கலில் இருந்து வைகாசி வரைக்கும் எங்கள் வீட்டில் நடந்ததை உங்களுக்குச் சொல்லவேண்டும்.

மானிப்பாயில் எங்கள் வீட்டில் ஐந்து பேர். ஐயா, எங்கள் தகப்பன், புகையிலையும் வெங்காயமும் பயிர் செய்தார். எங்கள் ஒழுங்கையில் முதன்முதல் தண்ணீர் இறைக்கும் மிசின் வாங்கியவர் அவர்தான். அதை வாங்கிய நாளில் இருந்து அவருக்கு மிசின் என்றால் ஒரு பக்தி. மனிதன் பொய் சொல்வான், மிசின் சொல்லாது என்பார். அம்மாவுக்கு எல்லா மிசினிலும் பயம். அக்காவுக்கு இருபத்திரண்டு வயது, கச்சேரியில், அரசாங்க அலுவலகத்தில், கிளாக் வேலை. பிறகு நான். ஐந்தாவது ஆள் ஐயாவின் தங்கை, எங்கள் மாமி.

மாமிக்கு நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. கலியாணம் ஆகவில்லை. எட்டாம் இடத்தில் செவ்வாய் என்று சாதகக் குறிப்பில் இருந்தது. அப்படி இருந்தால் கட்டுகிற மனிதன் நிலைக்கமாட்டான் என்பது எல்லோருக்கும் தெரிந்த விசயம். மாமி கணக்கில் கெட்டிக்காரி. மேலே படிக்க அனுப்பினால் வயது போய்விடும், எந்த நேரமும் ஒரு சம்பந்தம் பொருந்தி வரலாம் என்று பள்ளிக்கூடத்தை நிறுத்தினார்கள். காத்திருக்கிற நேரத்துக்குத் தட்டெழுத்துப் பழகினார். ஆறு மாதம் பழகப் போனவர் மூன்று வருடம் பழகினார். சம்பந்தம் பொருந்தவில்லை. பூட்டிவைத்த தட்டெழுத்து மிசின் ஒன்று அலுமாரிக்கு மேல் இருந்தது. மத்தியானத்தில் எல்லோரும் படுத்திருக்கும்போது மாமி மேசை விளிம்பில் விரல்களை வைத்துச் சத்தமில்லாமல் தட்டிக்கொண்டிருப்பதை நான் கண்டிருக்கிறேன். ஏதோ பாட்டுக்குத் தாளம் போடுகிறார் என்றுதான் அப்போது நினைத்தேன்.

ஒன்றை இப்போது சொல்லிவிடுகிறேன். ஒரு முறை புகையிரத நிலையத்தில் வேலை செய்த ஒருவர், செவ்வாய் இருந்தாலும் தனக்குப் பரவாயில்லை என்று ஆள் அனுப்பியிருக்கிறார். ஐயாதான் மறுத்தார். அந்த மனிதனுக்கு ஏதும் நடந்தால் பழி யாருக்கு என்று கேட்டாராம். இதை நான் பெரியவளான பிறகுதான் அறிந்தேன்.

அந்தத் தை மாதம் அக்காவுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. அவளுடைய கந்தோரிலேயே வரைபடம் கீறுகிறவர். பொடியன் வீட்டுக்காரர் வந்து கேட்டார்கள். அந்தக் கிழமை முழுக்க அக்கா கண்ணாடிக்கு முன்னால் தலை இழுக்கக் கூடுதல் நேரம் எடுத்தாள். எங்கள் குடும்பத்துச் சாத்திரியார் குறிப்புகளைப் பார்த்துவிட்டு, பொருத்தம் மத்திமம், செய்யலாம் என்றார். ஐயாவுக்கு அந்த ‘மத்திமம்’ பிடிக்கவில்லை. அப்போதுதான் யாழ்ப்பாணம் பெரியகடைப் பக்கம் ஒரு மாடியில் கொம்பியூட்டர் வந்திருப்பதாகவும், அது இரண்டு நிமிசத்தில் குறிப்புக் கணித்துப் பொருத்தம் பார்ப்பதாகவும் ஊரெல்லாம் கதை. ஐயா போகத் துடித்தார்.

ஒரு சனிக்கிழமை ஐயாவும் மாமியும் நானும் பஸ் ஏறினோம். குடும்பத்தில் யார் யார் எப்போது பிறந்தார்கள் என்று ஐயாவின் தகப்பனார் எழுதிவைத்த கொப்பியை மாமி மடியில் வைத்திருந்தார். தகப்பனார் செத்துப் பல வருடம். அவருடைய எழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும், மாமிக்கு மட்டும்தான் அது வாசிக்க வரும்.

மாடிப்படியின் அடியில் இருபது முப்பது சோடிச் செருப்புகள் கிடந்தன. நாங்களும் கழற்றிவிட்டு ஏறினோம். மேலே சின்ன அறை. மின்விசிறி, வரிசையாகக் கதிரைகள், மேசையில் ஒரு கறுப்பு வெள்ளை ரெலிவிஷன். அதன் உச்சியில் யாரோ சந்தனப் பொட்டு வைத்திருந்தார்கள். அதற்கு முன்னால் தட்டெழுத்து மிசினின் மேற்பாதியை அறுத்து எடுத்த மாதிரி எழுத்துகள் உள்ள ஒரு பெட்டி, பக்கத்தில் பாட்டுப் போடுகிற ரேப் ரெக்கோடர். இதுதானா கொம்பியூட்டர் என்று எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அம்மம்மா கதைகளில் வருகிற பூதம் மாதிரி ஒன்றை எதிர்பார்த்துப் போயிருந்தேன்.

அதன் சொந்தக்காரர் சாம்பியாவில் கணக்குப் படிப்பித்துவிட்டு வந்தவர். எல்லோரும் அவரைச் சாம்பியாக்காரர் என்றே சொன்னார்கள். மெலிந்த, கூச்சமான மனிதர். கசெற்றைப் போட்டு அழுத்தினார். றேடியோவில் இரண்டு நிலையங்களுக்கு நடுவில் வருகிற இரைச்சல் மாதிரி ஒன்று பெரிதாகக் கேட்டது. பாட்டு ஏன் வரவில்லை என்று கேட்டேன். இதுதான் கொம்பியூட்டர் படிக்கிற பாடம், அது படித்து முடிக்க ஐந்து நிமிசம் ஆகும் என்றார். அறையில் இருந்த பெரியவர்கள் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு அந்த இரைச்சலைக் கேட்டார்கள்.

அக்காவின் விவரத்தையும் படம் கீறுகிறவரின் விவரத்தையும் அவர் ஒற்றை விரலால் தேடித் தேடி அடித்தார். மாமியின் விரல்கள் மடியில் துடித்தன. பிறகு அச்சடிக்கிற பெட்டி, துணி இல்லாமல் ஓடுகிற தையல் மிசின் போலச் சத்தம் போட்டு, ஓரமெல்லாம் ஓட்டை போட்ட தாளைத் துப்பியது. பத்துப் பொருத்தத்தில் மூன்றுதான் சரி. தாலிப் பாக்கியத்தைச் சொல்கிற ரச்சுப் பொருத்தம் இல்லை.

ஐயா தாளை நாலாக மடித்துப் பையில் வைத்தார். “அப்ப சரி,” என்று எழும்பினார். அந்தச் சம்பந்தம் முடிந்தது என்று எனக்கே விளங்கியது.

மாமி எழும்பவில்லை. “என்ரையையும் ஒருக்காப் போட்டுப் பாப்பமே?” என்றார்.

ஐயா, இனி அது எதற்கு என்பது போலப் பார்த்தார். ஆனால் அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, திரும்பக் கதிரையில் இருந்தார். சாம்பியாக்காரர் திகதியைத் தேடத் தொடங்க, மாமி கதிரையை முன்னுக்கு இழுத்து, தான் அடிக்கலாமா என்று கேட்டார். அடித்தார். கீழே பார்க்காமலே அடித்தார். சாம்பியாக்காரர் வாய் திறந்தபடி நின்றது இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது.

திகதி போன உடனே திரை நின்றுவிட்டது. அக்காவுக்குக் கேட்காத ஒரு கேள்வியை ஆங்கிலத்தில் கேட்டது. யுத்த நேரமா? ஓம், இல்லை.

சாம்பியாக்காரர் விளக்கினார். உலக யுத்தக் காலத்தில் மூன்று வருடத்துக்குக் கிட்ட அரசாங்கம் மணிக்கூடுகளை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளிவைத்திருந்தது. அந்தக் காலத்தில் பிறந்தவர்களுக்கு மணிக்கூட்டு நேரத்தில் ஒரு மணித்தியாலம் கழித்துத்தான் குறிப்புக் கணிக்கவேண்டும். அதனால் அந்தத் திகதிகள் வந்தால் நின்று கேட்கும்படி எழுதி வைத்திருக்கிறார்.

மாமி கொப்பியைப் புரட்டினார். தன் பெயருக்கு நேரே இருந்த எறும்பு எழுத்தை விரலால் தொட்டு வாசித்தார். நேரத்துக்குப் பக்கத்தில் ‘புது நேரம்’ என்று இருந்தது. மற்ற யாருடைய பெயருக்குப் பக்கத்திலும் அது இல்லை. நல்ல காலம் பிறக்கட்டும் என்று தகப்பன் வாழ்த்தி எழுதியிருக்கிறார் என்று மாமி இவ்வளவு காலமும் நினைத்திருந்தாராம்.

‘ஓம்’ என்பதற்கான எழுத்தை அழுத்தினார். தாள் வந்தது. லக்கினம் ஒரு ராசி பின்னுக்குப் போயிருந்தது. செவ்வாய் எட்டில் இல்லை, ஒன்பதில். குற்றம் ஒன்றும் இல்லை.

திரும்பி வரப் பஸ் ஏறினோம். மாமி யன்னல் பக்கம் இருந்தார். தாள் அவர் கையில் இருந்தது. நான் அதன் ஓரத்தில் இருந்த ஓட்டைப் பட்டியைக் கிழித்துச் சங்கிலி செய்துகொண்டு வந்தேன். சின்னப் பிள்ளைதானே.

அன்று பின்னேரமே ஐயா கொப்பியோடு சாத்திரியாரிடம் போனார். சண்டைக்குத்தான் போனார். திரும்பி வரும்போது சாத்திரியாரும் கூட வந்தார். எழுபது வயது மனிதர், வெயிலில் நடந்தே வந்திருந்தார். தன் பழைய கொப்பியைப் பார்த்தாராம், அதில் நேரம் மட்டும்தான் இருக்கிறது. ‘புது நேரம்’ என்ற சொல்லை அவருக்கு யாரும் சொல்லவில்லை. தகப்பனார் கவனமான மனிதர், ஒரு மணித்தியாலத்தைக் கழித்துத்தான் தந்திருப்பார் என்று இவர் எண்ணினார். சாத்திரம் தெரிந்தவர், அவர் கழித்துக்கொள்வார் என்று தகப்பனார் எண்ணியிருக்கிறார். இரண்டு கவனமான மனிதர்கள், ஒருவரை ஒருவர் நம்பியிருக்கிறார்கள்.

சாத்திரியார் எங்கள் விறாந்தையில் இருந்து கையால் கணக்குப் போட்டார். விளக்கு வைக்கிற நேரம் வரை போட்டார். முடித்து மாமியை நிமிர்ந்து பார்த்தார். “கொம்பியூட்டர் சொன்னது சரி, பிள்ளை. நான்தான் பிழை,” என்றார். அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். அவர் குடிக்கவில்லை.

நீங்கள் நினைப்பீர்கள், இதோடு எல்லாம் நல்லபடி முடிந்தது என்று. நடந்தது வேறு. ஐயாவுக்கு மிசின்மேல் இருந்த பக்தி பத்து மடங்காகிவிட்டது. தங்கைக்கு இருந்த பிழையைப் பிடித்த மிசின் மகளுக்குப் பிழை விடாது என்றார். படம் கீறுகிறவர் வீட்டுக்கு இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லத் தீர்மானித்தார். மாசி பிறக்கட்டும், போய்ச் சொல்கிறேன் என்றார். மாசியும் பிறந்தது, பங்குனியும் பிறந்தது, அவர் போகவில்லை. ஆனால் மனமும் மாறவில்லை. அக்கா வேலைக்குப் போனாள், வந்தாள், சாப்பாட்டுக் கோப்பையை அரைவாசியோடு கழுவினாள். எங்களோடு கதைப்பதை விட்டாள். அவள் மாமியைப் பார்க்கிற பார்வை எனக்குப் பயமாக இருந்தது. மாமியின் முகத்தில் தன்னுடைய நாற்பதாவது வயதைப் பார்த்தாள் என்று இப்போது விளங்குகிறது.

இதற்கிடையில் சாம்பியாக்காரர் ஆள் அனுப்பினார். தட்டெழுத்துத் தெரிந்த ஒருவர் தேவை, மாமி வருவாரா என்று. ஐயா மறுக்கத்தான் வாயெடுத்தார். மாமி அதற்கு முன்னால், “நான் போறன்,” என்று சொல்லிவிட்டார். அவர் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. திங்கட்கிழமை காலை பஸ் ஏறிப் போய்விட்டார்.

போய் ஒரு மாதத்தில் மாமிக்கு ஒரு எண்ணம் வந்தது. தன்னோடு படித்தவர்கள் எல்லோரும் அந்த மூன்று வருடத்துக்குள் பிறந்தவர்கள். அவர்களுடைய குறிப்பை யார் திருத்தினார்கள்? ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவின் சைக்கிளில் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வகுப்புக்காரிகளைத் தேடிப் புறப்பட்டார். பிறந்த திகதியையும் நேரத்தையும் என் கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் நான் எழுதுவேன். கிழமைக்குள் மாமி குறிப்பை அச்சடித்துவருவார். அடுத்த ஞாயிறு கொண்டுபோய்க் கொடுப்போம்.

கோப்பாயில் ஒருவர், மாமியைப் போலவே செவ்வாய் என்று இருந்துவிட்டவர். அவருக்கும் செவ்வாய் இல்லை. தாளைப் பிரிக்காமலே மாமியிடம் திருப்பித் தந்து, இதை வைத்து இனி என்ன செய்ய என்று கேட்டார். எனக்கு அவர் மாம்பழம் வெட்டித் தந்தார். சுன்னாகத்தில் இன்னொருவர் தாளைப் பார்த்து விம்மி அழுதார். அடுத்த வருடம் அவருக்கு, மனைவியை இழந்த ஒரு வாத்தியாரோடு கலியாணம் நடந்தது. நல்ல சோடி.

மூன்றாவது வீடு அரியாலையில், கடலேரிப் பக்கம். அந்த வகுப்புக்காரிக்கு இருபது வயதில் கலியாணம், நாலு பிள்ளைகள். குறிப்பில் ஒரு குற்றமும் இல்லாததால் முதல் வந்த சம்பந்தமே பொருந்தியதாம். மாமி அவருடைய தாளை வழியெல்லாம் பையில் இருந்து எடுக்காமல் வந்தார். அங்கே போயும் எடுக்கவில்லை. பழங்கதை கதைத்துக்கொண்டே இருந்தார். அவர், எங்கே தாள் என்று கேட்டபோது, அச்சடிக்க மறந்துவிட்டேன் என்றார் மாமி.

நான் முந்தின நாளே அதை எடுத்து வாசித்திருந்தேன். அதற்குள் எனக்கு அந்தக் கட்டங்கள் வாசிக்கப் பழகிவிட்டது. மாமி மறந்துவிட்டார் என்றே நினைத்து, உதவி செய்கிறேன் என்று நினைத்துச் சொன்னேன்: “மாமி, பையிலை கிடக்கு. இவவுக்குச் செவ்வாய்க் குற்றம்.”

மாமி என்னைப் பார்த்த பார்வையை மறக்கமாட்டேன். முற்றத்தில் அந்த வகுப்புக்காரியின் கணவர், கறுத்த பலமான மனிதர், கோடாலியால் பனங்கட்டை கொத்திக்கொண்டிருந்தார். அந்த அம்மா கணவரைப் பார்த்தார், மாமியைப் பார்த்தார். பிறகு குரலை உயர்த்திக் கூப்பிட்டார்.

“இஞ்சேருங்கோ. நீங்கள் செத்துப்போனியளாம்.”

கோடாலி நின்றது. “எப்பவாம்?”

“என்னைக் கட்டின கையோடையாம். கொம்பியூட்டர் சொல்லுது.”

அவர் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு யோசித்தார். “அது சரி. செத்தவனுக்கு ஒரு தேத்தண்ணி போடன்,” என்றார்.

அந்த அம்மா சிரிக்கத் தொடங்கினார். சீலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மாமியும் சிரித்தார். எங்கள் வீட்டில் அவர் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை. சிரித்துக்கொண்டே இருந்தவருடைய கண்ணில் இருந்து தண்ணீர் வந்தது, நிற்கவில்லை. அந்த அம்மா எழும்பிவந்து மாமியைக் கட்டிப் பிடித்தார். கணவர் கோடாலியைச் சுவரில் சாய்த்துவிட்டு, தேத்தண்ணியைத் தானே போடக் குசினிக்குள் போனார்.

திரும்பி வரும்போது மாமி வெகு வேகமாகச் சைக்கிள் மிதித்தார். என்னை ஏசவில்லை. வீட்டுக்கு வந்து சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு, நேரே ஐயாவின் முன்னால் போய் நின்றார். ஐயா தண்ணீர் மிசினைக் கழற்றி எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

“அண்ணை, இவளின்ரை கலியாணத்தைச் செய்யுங்கோ.”

ஐயா நிமிரவில்லை. மிசின் சொன்னது சரியென்று மாமியின் குறிப்பிலேயே கண்டோமே என்று முணுமுணுத்தார்.

“சரிதான். செவ்வாய் எங்கை நிண்டது எண்டு அது சரியாச் சொல்லும். நான் கட்டியிருந்தால் அந்த மனிசன் செத்திருப்பானோ எண்டு அதுக்குத் தெரியாது. சாத்திரியாருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அரியாலையிலை ஒருத்தர் இருவது வருசமாச் சாகாமல் கட்டை கொத்திக்கொண்டு இருக்கிறார். நான் இப்ப பாத்திட்டு வாறன்.”

ஐயாவின் கையில் எண்ணெய்த் துணி இருந்தது. ஏற்கெனவே துடைத்த திருகாணியை அதால் திரும்பவும் துடைத்தார்.

“என்னை வைச்சிருந்த மாதிரி உவளையும் வைச்சிருக்கப் போறியளோ?” என்று கேட்டார் மாமி. சத்தமாகக் கேட்கவில்லை. கேட்டுவிட்டுக் கிணற்றடிக்குப் போய்க் கால் கழுவினார்.

அக்கா வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். அம்மா குசினிக்குள் இருந்து வெளியில் வந்து, மெல்லிய குரலில், ஆனால் ஐயாவுக்குக் கேட்கும்படி, அந்தப் பொடியனை எனக்குப் பிடிச்சிருக்கு என்றார். அம்மா ஒரு விசயத்தில் தன் எண்ணத்தைச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அடுத்த நாள் காலை ஐயா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு படம் கீறுகிறவர் வீட்டுக்குப் போனார். வைகாசியில் கலியாணம் நடந்தது. மூன்று பொருத்தம் மட்டும் உள்ள அந்தக் கலியாணத்துக்கு இப்போது நாற்பது வருடத்துக்கு மேல். அத்தானுக்குக் காது கொஞ்சம் மந்தம், வேறு ஒரு குறையும் இல்லை. அக்கா சொல்வதை மட்டும் கேட்காத மாதிரி இருப்பார்.

பிறகு வந்த காலம் உங்கள் எல்லோருக்கும் தெரியும், அதை இங்கே எழுதப்போவதில்லை. சாம்பியாக்காரர் வெளிநாடு போனார். மாமியின் தாளும் என் கணக்குக் கொப்பியும் தகப்பனாரின் எறும்பு எழுத்துக் கொப்பியும் ஏதோ ஒரு இடப்பெயர்வில் போயின. மாமி போகவில்லை. வந்த ஒவ்வொரு புது மிசினையும் படித்தார். இப்போது எண்பது தாண்டிவிட்டது, என்னோடுதான் இருக்கிறார். அக்காவின் மகள் வாங்கிக் கொடுத்த கைபேசியோடு தினமும் காலையில் சண்டை. தான் ‘ஓம்’ என்றால் அது மந்திரம் சொல்லத் தொடங்குகிறதாம். இரண்டு நாள் பொறு, இதைத் திருத்திவிடுவேன் என்கிறார். கலியாணம் கட்டியிருந்தால் நல்லாய் இருந்திருக்குமா என்று ஒரு நாள் கேட்டேன். கொஞ்சமும் யோசிக்காமல், “இருந்திருக்கும்,” என்றார். பிறகு கைபேசியின் பக்கம் திரும்பிவிட்டார்.

ஐயாவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அவர் மாமியிடம் ஒரு நாளும் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்தக் காலத்து ஆண்களுக்கு அதற்கு வாய் இருக்கவில்லை. ஆனால் அக்காவின் கலியாணம் முடிந்த அடுத்த திங்கட்கிழமை, தோட்டத்தில் இருந்து பத்து மணிக்கே வந்து குளித்தார். அம்மாவைக் கேட்டு மாமியின் மத்தியானச் சாப்பாட்டை வாழையிலையில் கட்டுவித்தார். சைக்கிளில் கொழுவிக்கொண்டு நாலு மைல் மிதித்துப் பெரியகடைக்குப் போனார். அடுத்த நாளும் போனார். மாமி அங்கே வேலை செய்த காலம் முழுக்க, மழை வெயில் பார்க்காமல் போனார்.

பள்ளிக்கூட விடுமுறையில் ஒரு நாள் நானும் கூடப் போனேன். அவர் படியடியில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி, பார்சலை மாமியின் மேசையில் வைத்தார். பிறகு பின்வரிசைக் கதிரை ஒன்றில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். மாமி ஒரு பெண்ணின் குறிப்பை அடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த கிழவர் ஒருவர் ஐயாவிடம், யாருக்குப் பொருத்தம் பார்க்க வந்தீர்கள் என்று கேட்டார்.

“நான் பாக்க வரேல்லை,” என்றார் ஐயா. “உதிலை இருக்கிறவ என்ரை தங்கச்சி. அவ சாப்பிட்டு முடியுமட்டும் இருப்பன்.”